உக்கின பலகையைக் கழற்றிப் போடு!

வேத வாசிப்பு: லேவியராகமம் 14:33-45

ஒரு பழைய படகை வைத்து ஆண்டவர் என்னோடு பேசினார். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

என்னிடம் 14 அடி அலுமினியப் படகு ஒன்று உண்டு. பழையதாக வாங்கினது. கோடையில் மகனைக் கூட்டிக்கொண்டு சிம்கோ ஏரிக்கு மீன்பிடிக்கப் போவேன். போன வருஷம் ஒருநாள் கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும், "அப்பா, மோட்டார் ஆடுது" என்றான். திருகை இறுக்கினேன். மறுபடியும் ஆடியது. இறுக்க இறுக்கப் பலகைதான் உள்ளே அமிழ்ந்தது. மெதுவாகக் கரைக்குத் திரும்பினோம். கர்த்தர் காத்தார்!

அலுமினியம் உக்காது. உண்மைதான். ஆனால் மோட்டாரின் பாரத்தைத் தாங்குவது அந்த மெல்லிய தகடு மட்டும் அல்ல. தகட்டுக்குள்ளே மறைந்திருக்கிற, ஏறக்குறைய 1½ அங்குலப் பின்பலகைதான் தாங்குகிறது. டிரான்சம் என்பார்கள். வீட்டில் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பலகை நனைந்த பாண் மாதிரிக் கையோடு வந்தது, கறுப்பு, நாற்றம். வெளியே பெயிண்ட் மட்டும் பளபள!

தண்ணீர் எப்படிப் போனது? முன்பு வைத்திருந்தவர் மீன் காட்டும் கருவியைப் பொருத்த 4 சின்னத் திருகாணி அடித்திருக்கிறார். ஓட்டையை அடைக்கவில்லை. அதன் வழியாகப் போன தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, பலகையை உள்ளுக்குள்ளேயே பிளந்துவிட்டது.

அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஆவியானவர் என் உள்ளத்தில் கேட்டார்: "உன் அண்ணனோடு எப்போது பேசினாய்?"

பிரியமானவர்களே, 9 வருஷம்! காணி விற்ற காசு விஷயத்தில் வந்த ஒரே ஒரு வார்த்தை. அந்த ஓட்டை வழியாகக் கசப்பு உள்ளே போனது. நானோ சபையில் பாட்டு நடத்தினேன். உபவாச ஜெபத்தில் அந்நிய பாஷை பேசினேன். வெளியே பெயிண்ட் பளபள!

அன்றைக்கு லேவியராகமம் 14-ஐ வாசித்தேன். மூன்று காரியங்களைக் கர்த்தர் காட்டினார்.

முதலாவது, பூசி மறைக்காதே. வீட்டுச் சுவரில் தோஷம் கண்டால் ஆசாரியன் மேலே சுண்ணாம்பு அடிக்கச் சொல்லவில்லை. கல்லைப் பெயர்த்து ஊருக்கு வெளியே போடச் சொன்னான். மேலே ஒரு தகடு வைத்து அடிக்கலாமா என்று நானும் யோசித்தவன்தான். கழற்றத்தான் வேண்டும்!

இரண்டாவது, எதை உள்ளே வைக்கிறாய் என்று பார். உக்காதபடி மருந்து ஏற்றின பலகை கடையில் உண்டு. ஆனால் அந்த மருந்தில் செம்பு இருக்கிறது; ஈரம் பட்டால் அது அலுமினியத்தையே அரித்துவிடும். உலகத்தின் வைத்தியமும் இப்படித்தான். "அவர் முதலில் பேசட்டும்" என்ற பெருமை உறுதியாய்த் தெரியும், உன்னையே தின்றுவிடும். நான் மரைன் பிளைவுட் இரண்டை எப்பாக்சியால் ஒட்டி, பழைய பலகையின் அளவுக்கே வெட்டினேன்.

மூன்றாவது, ஓரங்களை அடை. பிளைவுட் தண்ணீர் குடிப்பது ஓரத்தாலும் ஓட்டையாலும்தான். அங்கெல்லாம் 3 தரம் எப்பாக்சி பூசினேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் பசை வைத்தேன். புதுச் சாந்து பூசின பிறகும் தோஷம் திரும்பினால் வீட்டையே இடிக்க வேண்டும் என்று வேதம் எச்சரிக்கிறதே! தினமும் விழித்திருந்து ஜெபியுங்கள்.

அன்று இரவே ஊருக்குப் போன் எடுத்தேன். "அண்ணா, நான்தான். என்னை மன்னியுங்கோ." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தம்பி, சாப்பிட்டியோ?" என்றார். அந்தப் பலகைத் தூளிலேயே முழங்காற்படியிட்டு அழுதேன். காசு விஷயம் இன்னும் முடியவில்லை. ஆனால் கசப்பு உள்ளே போகிற ஓட்டையைக் கர்த்தர் அடைத்துவிட்டார். அல்லேலூயா!

சகோதரனே, சகோதரியே, சுத்தியலால் தட்டினால் நல்ல பலகை கணீரென்று கேட்கும். உக்கினது மொத்தென்று கேட்கும். இன்றைக்கு ஆண்டவர் உன்னைத் தட்டுகிறார். என்ன சத்தம் கேட்கிறது? நடு ஏரிக்குப் போகும்வரை காத்திராதே!

ஜெபம்: அன்புள்ள ஆண்டவரே, நான் மூடி வைத்ததை நீர் திறந்து பாரும். உக்கினதை எடுத்துப்போடும். நான் இன்றைக்குப் பேச வேண்டியவரோடு பேச எனக்குப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறேன். ஆமென்.