தலையில் அடித்த சத்தியம்

புகைப் பழக்கத்தை விட்டொழிக்கத் துணிந்த ஒருவனைச் சுற்றி நிற்கும் நாம் யார்? நீதிபதிகளா? காவலர்களா? தோழர்களா? எளிய கேள்விதான். ஆனால் நம் இல்லங்கள் தரும் விடை பெரும்பாலும் முதலிரண்டில் ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம்.

நான் அண்ணன் என்றழைக்கும் ஒருவர், இனிப் பீடியைத் தொடுவதில்லை என்றார். உடனே அவர் மனைவி ஏழு வயது மகளை அழைத்துவந்து முன்னே நிறுத்தி, "இவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யுங்கள்" என்றார். செய்தார். அந்த அம்மையார்மீது எனக்குச் சினமில்லை. அச்சத்தில் கைக்குக் கிட்டிய கருவியை எடுத்தார். ஆயினும் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா, தோழர்களே?

நிகோடின், புகையோடு நுரையீரலுள் புகுந்து சில நொடிகளில் மூளையை எட்டும் பொருள். ஆண்டுக்கணக்கில் அதை நாள்தோறும் பலமுறை பெற்றுப் பழகிய மூளை, அது வராதபோது கலகம் செய்கிறது. எரிச்சல், உறக்கமின்மை, எதிலும் கருத்தூன்ற இயலாமை! முதற் சில நாட்கள் கடுமையானவை. பின் சில வாரங்களில் மெல்லத் தணியும். அடிமைப்படுத்தும் முறையில் இது ஹெராயின், கோக்கேன் போன்றதே என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1988-இல் உரைத்தது. பழக்கத்தை வென்றவர் பலரும் ஒரே முயற்சியில் வென்றவரல்லர்; விழுந்து விழுந்து எழுந்தவர். சறுக்கல் இப்போரின் இயல்பு. சத்தியமோ அச்சறுக்கலைப் பாவமாக்கிவிடுகிறது. பாவத்தை யார் வீட்டில் வந்து சொல்வார்?

அண்ணன் பன்னிரண்டாம் நாள் ஒரு பீடி பிடித்தார், மறைத்தார். மறைக்கத் தொடங்கியதும் ஒன்று ஐந்தாயிற்று. அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்த அதே காய்ச்சல்தான். ஆனால் சட்டைப்பையில் தீப்பெட்டியைக் கண்ட தாய், "உன் அப்பா உன்னைப் பலிகொடுக்கப் பார்க்கிறார்" என்று குழந்தையிடமே கூறிவிட்டார். காய்ச்சல் நான்கு நாளில் இறங்கியது. அச்சிறுமியின் உள்ளத்தில் ஏறிய சொல் இறங்கியதா? தந்தையின் பழக்கத்துக்கு மகளின் உயிரை ஈடு வைக்கும் இவ்வழக்கத்தை அன்பென்று எப்படி அழைப்பது?

"அப்படியானால் கண்டிப்பே கூடாதா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. பழக்கம் அவனுடையது, புகை அவனுடையது மட்டுமன்று. அருகிருப்போர் உடலையும் அது கெடுக்கும். வீட்டுக்குள் புகைக்காதே என்று ஆணையிட மனைவிக்கு முழு உரிமை உண்டு. அதில் அணுவளவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நான் கேட்பது வேறு. விட முயல்பவனுக்கு உண்மையைச் சொல்ல ஓரிடம் வேண்டும். "நேற்று ஒன்று பிடித்துவிட்டேன், தம்பி" என்று வந்து நின்றால், "எப்போது, அண்ணா? யாருடன் இருந்தபோது?" என்று கேட்க ஒருவர் வேண்டும். சம்பள நாளா, சாப்பாட்டுக்குப் பின்னா, மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கிய மாலையா? நேரம் தெரிந்தால் அந்த நேரத்தில் துணையிருக்கலாம். பொங்கும் வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கும். அதுவரை கூட நடக்கவும் பேசவும் ஓராள் போதும். (வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டே அவனுக்கு மன உறுதியைப் போதிக்கும் நண்பர்கள் உண்டு. அவர்கள் சற்று எட்டிப்போய் நின்றாலே பேருதவி!)

"இத்தனை வயதுக்குமேல் விட்டென்ன பயன்?" என்ற பேச்சும் எழும். புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பைப் பிராட்ஃபோர்டு ஹில்லுடன் சேர்ந்து 1950-இல் எழுதிய ரிச்சர்டு டால், தாமே புகைத்துப் பின் விட்டவர். பிரிட்டன் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 2004-இல் அவரும் உடனுழைத்தோரும் கணக்குத் தந்தனர். 30 வயதில் விட்டவர் ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளை மீட்கிறார். 50-இல் விட்டவர் 6 ஆண்டு. 60-இல் விட்டாலும் 3 ஆண்டு. மகளின் திருமணத்தைக் காணவும் பேரனைத் தூக்கவும் மூன்றாண்டு சிறிதா?

அண்ணன் மறுபடி முயன்றுகொண்டிருக்கிறார். இம்முறை சத்தியம் இல்லை. சுவர் நாட்காட்டியில் சறுக்கிய நாளைத் தாமே வட்டமிடுகிறார். சென்ற மாதம் நான்கு வட்டங்கள். அவர் மனைவியும் அவற்றை எண்ணிப் பார்க்கிறார், மகளை அழைப்பதில்லை.