தெய்வத்துக்கு வயது கேட்கலாமா?

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால், அரியாங்குப்பம், நோணாங்குப்பம் கடந்து, சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் தாண்டியபின் தவளக்குப்பம் வரும். நாலாபக்கமும் சாலை பிரியும் அந்தச் சந்திப்பிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மூன்று இடங்கள் இருக்கின்றன. வடகிழக்கே ஆற்றங்கரையில் அரிக்கமேடு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகள் வந்திறங்கிய துறை அது. பக்கத்திலேயே வீராம்பட்டினம், மீனவர் வலையில் மரக்கட்டையாக வந்ததாக ஊர் சொல்லும் செங்கழுநீர் அம்மன் குடிகொண்ட ஊர். தென்மேற்கே பாகூர், பல்லவர் காலத்தில் ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை எழுதிவைத்த செப்பேட்டின் ஊர்.

இப்படிப்பட்ட வட்டாரத்தில் ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகத் துறையோ பொதுமக்களைக் கூப்பிட்டு வரலாற்றுச் சொற்பொழிவு நடத்தினால், பேச்சு முடிந்து மைக் கூட்டத்துக்குக் கைமாறும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வியை எதிர்பார்க்கலாம். “எங்க கோயில் யுகம் யுகமா இருக்குதுன்னு தலபுராணம் சொல்லுதுங்க. நீங்க ஆயிரம் வருஷம்னு சொல்றீங்க. அப்ப புராணம் பொய்யா?”

பேச்சாளர் இரண்டு விதமாகத் தப்பிக்கலாம். “அது நம்பிக்கை, அதற்குள் நான் வரவில்லை” என்று கும்பிடு போடலாம். இல்லையேல் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். முதல் பதில் கேட்டவரைக் குழந்தையாக்குகிறது, இரண்டாவது அவமதிக்கிறது. கேள்வியோ மெய்யானது. ஒரு தெய்வத்தின் உண்மை அதன் வரலாற்றைப் பொறுத்ததா? கல்லின் வயது தெரிந்தபின் கும்பிடுகிறவரின் கையில் ஏதாவது மாறவேண்டுமா?

பாகூர்ச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மப் பல்லவனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. சமஸ்கிருதப் பகுதி பல்லவர் வமிசத்தைத் திருமாலிலிருந்து தொடங்குகிறது. திருமாலின் உந்தியில் பிரம்மன், அவன் வழியில் ஆங்கிரசர், பிருகஸ்பதி, பரத்வாசர், துரோணர், அசுவத்தாமன், பிறகு பல்லவன் என்று வம்சம் இறங்கிவந்து, நாம் பாடப்புத்தகத்தில் படித்த அரசர்களைத் தொடுகிறது. அதன்பின் தமிழ்ப் பகுதி. அங்கே கொடுக்கப்பட்ட ஊர்கள் எவை, அவற்றின் எல்லை எங்கே, எந்தெந்த வரிக்கு விலக்கு என்று கறாரான நிலக்கணக்கு. பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்குப் போகும் அறக்கொடை அது.

இன்றைய ஆய்வாளர் நிலக்கணக்கை ஆதாரமாக எடுத்துக்கொண்டு வமிசாவளியின் மேற்பகுதியை ஓரத்தில் வைக்கிறார். அது அவர் தொழில்முறை, அதில் தவறில்லை. ஆனால் ஏட்டை எழுதச் சொன்னவர்கள் இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து ஒரே முத்திரையின் கீழ் வைத்தார்கள். அரசன் ஏன் கொடுக்கத் தகுந்தவன் என்று வமிசாவளி சொன்னது. எதைக் கொடுத்தான் என்று எல்லைக்கணக்கு சொன்னது. வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்பதைத் தீர்க்க எவரும் அசுவத்தாமனைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

பாகூர் மூலநாதர் கோயில் சுவர்களும் இதையே காட்டுகின்றன. சோழர் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டுகளும் அங்கே உண்டு, சோழரை வென்ற தக்கோலப் போருக்குப் பின் தொண்டை மண்டலத்தைக் கைக்கொண்ட இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பெயரில், கன்னரதேவன் என்று பொறித்தவையும் உண்டு. போர்க்களத்தில் மோதிக்கொண்டவர்களின் ஆட்சியாண்டுகள் ஒரே மூலவரின் கணக்கில் வரவாகியிருக்கின்றன. நம்பிக்கைக்குத் தேதி தேவையில்லை என்று சொல்கிறவர்கள் இந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். காலங்கடந்த இறைவனுக்கு விளக்கெரிக்க, எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டில் யார் எதை வைத்தார் என்று எழுதியவர்கள் நாத்திகர் அல்லர். கோயிலே தன் வரலாற்றைத் தானே வெட்டி வைத்துக்கொண்டது.

அந்த வெட்டெழுத்துகளைப் படித்து நூலாக்கியதில் உள்ளூர்க்காரர் ஒருவரின் உழைப்பு பெரிது. பாகூர் சு. குப்புசாமி தொகுத்த புதுச்சேரிக் கல்வெட்டுகளை, கோ. விசயவேணுகோபாலின் பதிப்பில், பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரக்கிழக்கு ஆய்வுப்பள்ளியும் 2006இலும் 2010இலும் இரு பகுதிகளாக வெளியிட்டன. அதே பிரெஞ்சு நிறுவனம் 1955இல் தொடங்கியதிலிருந்து சைவ ஆகமச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறது. 2005இல் புதுச்சேரியின் சைவச் சுவடிகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பூசைக்கு வழிகாட்டிய ஓலைகள் ஆய்வுக்கும் மூலமாயின.

பல்கலைக்கழகம் ஊராரைக் கூட்டிவைத்துச் சமயத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்ற எண்ணத்துக்கு ஒரு புகழ்பெற்ற முன்மாதிரி இசுகாட்லாந்தில் இருக்கிறது. ஆடம் கிஃபோர்டு என்ற நீதிபதி 1885இல் எழுதிய உயிலில், எடின்பரோ, கிளாசுகோ, அபெர்தீன், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களுக்குப் பெருந்தொகை விட்டுச்சென்றார். கடவுளைப் பற்றிய ஆய்வை வானியல், வேதியியல்போல நடத்த வேண்டும், வேத வெளிப்பாட்டை ஆதாரமாகக் காட்டக்கூடாது, பேச்சாளர் எந்த மதத்தவராகவும் மதமே இல்லாதவராகவும் இருக்கலாம், மாணவர் மட்டுமின்றி ஊரார் அனைவரும் கேட்க வழியிருக்க வேண்டும் என்பன அவர் நிபந்தனைகள். 1888இல் தொடங்கிய அந்த வரிசையில் கிளாசுகோவில் முதலில் பேசியவர் மாக்ஸ் முல்லர்.

1901–02இல் எடின்பரோவில் பேசிய அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் முதல் உரையிலேயே நம் பின்வரிசைக் கேள்வியைத் தொட்டார். ஒரு பொருள் எப்படித் தோன்றியது என்பது ஒரு கேள்வி, அதன் மதிப்பு என்ன என்பது இன்னொரு கேள்வி, ஒன்றின் விடையிலிருந்து மற்றதன் விடையை நேரே கறந்துவிட முடியாது என்பது அவர் வாதம். அதற்கும் நூறாண்டு முன்பே, 1777இல், ஜெர்மானிய எழுத்தாளர் லெஸ்ஸிங் வேறு பக்கத்திலிருந்து இதே சிக்கலில் மாட்டிக்கொண்டார். என்றோ நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி எவ்வளவு உறுதியாக மெய்ப்பிக்கப்பட்டாலும், என்றுமுள்ள உண்மைக்கு அது சான்றாகாது என்றார். நடுவில் ஓர் அகழி இருக்கிறது, எவ்வளவு முயன்றும் தாண்ட முடியவில்லை என்று வருந்தினார்.

அகழியே இல்லை என்று சென்னையில் ஒருவர் சொன்னார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஆற்றிய பொதுச் சொற்பொழிவுகளில் ஒன்று இந்திய முனிவர்களைப் பற்றியது. நிறுவனர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றின் மேல் கட்டிய மதங்களுக்கு அந்த வரலாறு ஆட்டம் கண்டால் ஆபத்து, வேத சமயம் தத்துவத்தின் மேல் நிற்பதால் ஆட்களின் வரலாறு அதை அசைக்காது என்பது அதன் சாரம். காந்தியும் பின்னாளில் அருகில்தான் வந்து நின்றார். ஏசு வாழவே இல்லை என்று யாராவது மெய்ப்பித்தாலும் மலைப்பொழிவு தமக்கு உண்மையாகவே இருக்கும் என்றார்.

மேடையில் எடுபடும் பதில். வீராம்பட்டினத்தில் எடுபடுமா என்பதுதான் ஐயம்.

ஆடி வெள்ளியில் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும்போது வடம் பிடிக்கிறவர்கள் தத்துவத்தை இழுக்கவில்லை. இந்த அம்மனை, இந்த ஊரில், இந்தக் கதையோடு இழுக்கிறார்கள். வலையில் சிக்கிய கட்டையை அடுப்பெரிக்கப் பிளந்தபோது இரத்தம் பீறிட்டது என்பது கதை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநர் வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநரோடு தொடர்கிறது என்பது வரலாறு. அந்தக் கூட்டத்தில் கதையும் வரலாறும் ஒரே வடத்தில்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இடத்தையும் கதையையும் கழற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் வைத்துக்கொள் என்று அவர்களிடம் சொல்வது, கும்பிட ஒன்றும் மிச்சம் வைக்காத உபகாரம்.

ஜேம்ஸின் பாகுபாடும் தனிமனித அனுபவத்துக்குப் பொருந்துகிற அளவு ஊர்த் தெய்வத்துக்குப் பொருந்துவதில்லை. ஊர்த் தெய்வம் என்றால் நிலம், சாவி, உண்டியல், பூசை உரிமை எல்லாம் சேர்ந்து வரும். அங்கே ‘எப்படித் தோன்றியது’ என்ற கேள்வி நீதிமன்றம் வரை போகும்.

போகவும் செய்தது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் வணங்கிய சிலை புத்தருடையது என்று ஒரு பௌத்த அறக்கட்டளை 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொல்லியல் துறை சிலையை ஆராய்ந்தது. தாமரைப் பீடம், தியானத்தில் அமர்ந்த கோலம், சுருள்முடி, நீண்ட காதுமடல் என்று அடையாளங்களை அடுக்கிப் புத்தரே என்று அறிக்கை தந்தது. 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இடத்தைத் தொல்லியல் துறை பொறுப்பேற்க வேண்டும், புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், பொதுமக்கள் வரலாம், சிலைக்குப் பூசை கூடாது.

சிற்பி யாரைச் செதுக்கினான் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது. இந்த மண்ணில் பௌத்தம் இருந்ததையும் அது மறக்கப்பட்ட விதத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது வரலாற்றின் நேர்மையான வேலை. தங்கள் ஆசானின் உருவைக் கேட்டவர்களின் நியாயத்தைச் சிறிதாக்க முடியாது. ஆனால் அங்கே இன்னொரு வரலாறும் உண்டு. நோய்க்கும் கடனுக்கும் பிள்ளை வரத்துக்கும் அந்த முகத்தின் முன் முனியப்பா என்று அழைத்த தலைமுறைகள் நிகழாதவை அல்ல. சிலை எப்போது முனியப்பன் ஆனது, யார் பொங்கல் வைத்தார்கள், எதை வேண்டிக்கொண்டார்கள் என்பவையும் வரலாற்றுக் கேள்விகள்தாம். முதல் நாளை மட்டும் வரலாறு என்று கொண்டு, அடுத்து வந்த நாட்களையெல்லாம் பிழை என்று தள்ளினால், அந்த வரலாறு பாதியில் நின்றுபோனது.

இப்படிப் பெயர் மாறும் தெய்வங்கள் தவளக்குப்பத்துக்கும் தொலைவானவை அல்ல. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, 1769இல் புதுச்சேரியில் மேகம் மறைத்ததால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, வீராம்பட்டினத்துப் பக்கம் வெளியில் கிடந்த ஒரு கற்சிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பௌத்த உருவம், அதற்கு இப்போது வழிபாடு இல்லை என்று உள்ளூர்த் தமிழர்கள் அவரிடம் சொன்னார்களாம். கும்பிடாத தெய்வத்தின் பெயரையும் அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். 1937இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் அரிக்கமேட்டைக் கண்டுணர்வதற்கும் 1945இல் தொல்லியலாளர் வீலர் அங்கே குழி தோண்டுவதற்கும் வெகுகாலம் முன்பே, ஊரார் தங்கள் வகையில் ஒரு வரலாற்றை வைத்திருந்தார்கள் என்பதற்கு இது சான்று.

எல்லா நினைவும் இவ்வளவு சாந்தமானதன்று. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த வேளையில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்சியில், புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் மனம் நொந்து பதிந்திருக்கிறார். அந்தப் பக்கங்களை மேடையில் வாசிக்கும்போது அரங்கில் சூடு ஏறத்தான் செய்யும். வாசிக்காமல் மறைப்பது நேர்மையாகாது. அதே நாட்குறிப்பு, போர்க்கால நெருக்கடியையும், பாதிரிமாரின் தூண்டுதலையும், தமிழ்ப் பெரியவர்களுக்குள் இருந்த பிளவையும் சேர்த்தே எழுதுகிறது. ஒரு நாளின் பதிவை மட்டும் கிழித்தெடுத்துக் கையில் கொடுத்தால் அது இன்றைய பக்கத்துவீட்டுக்காரர் மேல் எறியும் கல்லாகிவிடும். வேறிடத்தில் எழுந்த வேதபுரீசுவரர் கோயிலில் பூசை நடக்கிறது. பழைய கோயிலுக்குப் பக்கத்திலிருந்த கத்தோலிக்கப் பேராலயமான சம்பா கோயிலிலும் திருப்பலி நடக்கிறது. இரண்டு இடத்துக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்துதான் இந்தச் சொற்பொழிவைக் கேட்கிறார்கள்.

ஆகவே பின்வரிசைக் கேள்விக்கு நேரான பதில் இப்படி அமையலாம். கோயில் எப்போது கட்டப்பட்டது என்று கேட்டால் கல்வெட்டுதான் பேச வேண்டும், அங்கே தலபுராணம் சாட்சியில்லை. இந்த இடத்தை ஊர் எதற்காகப் புனிதம் என்று கொண்டது என்று கேட்டால் தலபுராணம் பேசும், அங்கே அளவுகோலும் கரிமக் கணிப்பும் ஊமை. இறைவன் உண்டா என்று கேட்டால் இரண்டுமே போதாது, அதை மெய்யியலாரும் பக்தரும் தம் வழியில் தொடர்ந்து வழக்காட வேண்டியதுதான். சண்டை வருவதெல்லாம் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யப் புகும்போது. யுகக்கணக்கைக் காட்டிப் பட்டா கேட்பது ஒரு வகை. நூற்றாண்டுக் கணக்கைக் காட்டிக் கும்பிடாதே என்பது இன்னொரு வகை.

நிருபதுங்கன் காலத்து வித்யாஸ்தானம் பாகூர் அந்தணப் புலவர்களுக்கானது, கொடுத்த நிலமும் பிரமதேயம். வலைஞரும் உழவரும் அங்கே போய்க் கேள்வி கேட்டிருக்க முடியாது. இன்றைய கல்லூரி அரங்கின் பின்வரிசையில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே மைக் பிடிக்கிறார்கள். அடுத்த சொற்பொழிவைப் பாகூர்க் கோயில் சுற்றிலேயே வைத்து, கல்வெட்டு படிப்பவரையும் குருக்களையும் வீராம்பட்டினத்துப் பஞ்சாயத்தாரையும் ஒன்றாக உட்கார வைக்கலாம். கிஃபோர்டின் நிபந்தனைப்படி எந்த மதத்தவரும் பேசலாம், மதம் இல்லாதவரும் பேசலாம். அப்போது கேள்வி எதிர்த்திசையிலும் வரும். ஆதாரம் இல்லாததை நம்பாதே என்கிற ஆய்வாளரே, ஆதாரத்தை மட்டும் நம்பவேண்டும் என்று நீங்கள் எந்த ஆதாரத்தில் முடிவு செய்தீர்கள் என்று குருக்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு மாலைப்பொழுது ஒதுக்க வேண்டியிருக்கும்.