கை நனைக்க ஓரிடம்

புரட்டாசி முழுக்க வாயைக் கட்டியிருந்த ஊர், ஐப்பசி பிறந்ததும் கறிக்கடை வாசலில் நிற்கிறது. மழையும் அப்போதுதான் பிடிக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளில் ஒன்றான தென்னேரிக்கு அது வரவுக் காலம். சுற்றுவட்டாரத் தறிக்காரர்களுக்கோ செலவுக் காலம். தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறியில் ஈரம் ஏறும். கை ஓய்ந்த ராத்திரியில் வயிறு மட்டும் ஓவர்டைம் பார்க்கும்.

“வா, கடையில் சாப்பிட்டு வரலாம்” என்று ஒருவரைக் கூப்பிடத் தோன்றுவது அப்போதுதான். யாரைக் கூப்பிடுவது?

நண்பனைக் கூப்பிடுவதில் என்ன இருக்கிறது? பாகம் பிரித்தபின் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுச்சுவர் ஓர் அடி தள்ளிப் போனதில் நாலு தீபாவளி போயிருக்கும். “அவன் வீட்டில் கை நனைக்க மாட்டேன்” என்று சொல்லியாகிவிட்டது. கோர்ட்டுத் தீர்ப்புக்காவது அப்பீல் உண்டு. இந்தச் சொல்லுக்குக் கிடையாது.

ஆனால் அந்தச் சொல்லில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது வீட்டைத்தான் விலக்குகிறது. பரோட்டாக் கடையை அல்ல. அங்கே விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர் இல்லை. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கடைப் பையன் கம்பால் முட்டித் தள்ளுகிறான். ஒதுங்கி நின்றவர்கள் ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார வேண்டியதாகிறது. கொத்து பரோட்டாச் சத்தத்தில் பேசவும் முடியாது. அதுவும் வசதிதான். “சால்னா ஊத்தட்டுமா?” என்று கடைக்காரர் கேட்க, “அவனுக்கும் ஊத்துங்க” என்று அண்ணன் சொன்னால் போதும். அதற்கு மேல் அன்றைக்கு எதிர்பார்ப்பது பேராசை.

தென்னேரி என்ற பெயரே ‘திரையன் ஏரி’யிலிருந்து வந்தது என்பார்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழியனுப்புகிறது பெரும்பாணாற்றுப்படை. வழி என்றால் பாதி சாப்பாட்டு வழிதான்! எயினரிடம் உடும்புக் கறி, இடையரிடம் தினைச்சோறும் பாலும், உழவரிடம் வெண்சோற்றுக்குக் கோழி, வலைஞரிடம் கள்ளும் சுட்ட மீனும். அந்நியனான பாணன் எல்லா வீட்டிலும் கை நனைக்கிறான். பங்காளிக்குத்தான் கதவு சாத்தப்படுகிறது.

அதே பாட்டில் அந்தணர் வீட்டு மாதுளங்காய்ப் பக்குவத்தில் ‘கறி’ கலக்கிறார்கள். அந்தக் கறி, மிளகு. மிளகாய் போர்ச்சுகீசியரோடு வந்தது, வெகு பின்னால். 1747இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் தன் சமையல் புத்தகத்தில் கறி செய்முறை எழுதியபோதும் அதில் மிளகும் கொத்தமல்லி விதையும்தான். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்கிறது பழமொழி. விஷத்துக்கு அது மருந்தாக இருக்கலாம். வீம்புக்கு மிளகு போதாது, பெஞ்சு வேண்டும்.

கூப்பிடுவதானால் ஐப்பசிக்குள் கூப்பிட்டுவிடுங்கள். கார்த்திகை முதல் தேதி இருவரில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால், அப்புறம் தை வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் மழை நின்றுவிடும்.