மோதினார் ஏன் சொல்லவில்லை?



பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் ஒருவர் பிழையைக் காண்கிறார், சொல்லாமல் இருந்துவிடுகிறார், அதனால் எல்லோருக்கும் நஷ்டம் வருகிறது. குற்றம் யார் மேல்? இந்தக் கேள்வியை நான் கிதாபிலிருந்து எடுக்கவில்லை. என் பள்ளிவாசலிலேயே நடந்தது.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் மஹல்லா. சில வருடங்களுக்கு முன் ரமளான் நேர அட்டவணையை நானே தட்டச்சு செய்து அச்சுக்குக் கொடுத்தேன். ஒரு நாளின் இஃப்தார் நேரம் 6.27 என்பதற்குப் பதில் 6.21 என்று விழுந்துவிட்டது. அட்டவணைப்படி மோதினார் பாங்கு சொன்னார். எல்லோரும் நோன்பு திறந்து, கஞ்சி பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து ஊர் பாங்கு கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு நோன்பை எல்லோரும் களா செய்ய வேண்டும் என்று மைக்கில் நானே அறிவித்தேன். சர்க்கரை நோயோடு சிரமப்பட்டு நோன்பு வைத்திருந்த பெரியவர்களின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மோதினார் அதைக் காலையிலேயே கவனித்திருக்கிறார். “பார்த்தேன் ஹஜ்ரத். நீங்க எழுதினது, ஏதாவது கணக்கு இருக்கும்னு விட்டுட்டேன்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அமானிதம் என்றால் என்னவென்று அவருக்கு ஒரு பயானே செய்தேன்.

இரவில்தான் நினைவுக்கு வந்தது. முந்தைய வருடம் தராவீஹில் ரக்அத் ஒன்று குறைகிறதோ என்று அவர் கேட்டபோது, நாலு பேர் முன்னால் “உங்க வேலையைப் பாருங்க” என்றேன். அன்று என் எண்ணிக்கை சரியாக இருந்தது. அதனால் அந்தச் சொல் எனக்கு மறந்துபோனது. அவருக்கு மறக்கவில்லை.

அரபுக் கல்லூரியில் உஸ்தாதின் முன் குரல் உயர்த்தாமல் வளர்ந்தவன் நான். அந்த அதபைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதபால் பேசாதிருப்பவரும் அச்சத்தால் பேசாதிருப்பவரும் மேலே இருப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். இரண்டையும் மரியாதை என்றே எடுத்துக்கொள்கிறோம்.

பத்ருக் களத்தில் நபி (ஸல்) அவர்கள் படையை இறக்கிய இடத்தைப் பற்றி ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) கேட்டதை சீரா நூல்களில் படித்திருப்பீர்கள். இது அல்லாஹ்வின் கட்டளையா, போர் யோசனையா என்று முதலில் கேட்டார். யோசனைதான் என்றதும், இந்த இடம் சரியல்ல, எதிரிக்கு அருகிலுள்ள கிணற்றுக்குப் போவோம் என்றார். படை இடம் மாறியது. ஹுபாபின் துணிச்சலைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அப்படிக் கேட்கலாம் என்ற தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் காவலூர் வானாய்வகம் வரும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு தூரத்து விண்மீனை மறைத்துக் கடக்கவிருந்தது. அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கோள் நெருங்கும் முன்பே ஒளி சில நொடிகள் மங்கியது. யாரும் எதிர்பாராதது. மேகம் என்றோ கருவியின் கோளாறு என்றோ ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. யுரேனஸுக்குப் புதிய நிலா என்று கருதி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இந்தியப் பெருங்கடல் மேல் விமானத்தில் பறந்து அளந்த அமெரிக்கக் குழுவோ பல மங்கல்களைப் பதிவு செய்திருந்தது, கோளின் இரு பக்கமும். அது நிலா அல்ல, வளையங்கள் என்பது தெளிவானது. அதே வருடம், அதே இதழில், வளையம் என்று காவலூர் தரப்பிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. அதில் பட்டாச்சார்யாவின் பெயரோடு நிறுவனத்தின் தலைவர் வைணு பாப்புவின் பெயரும் இருந்தது.

நிலா என்று எழுதியவரே சில மாதங்களில் வளையம் என்று எழுதினார். தலைவரும் தன் பெயரை அதில் சேர்த்தார். எனக்கு அந்த வளையத்தைவிட இது பெரிதாகப் படுகிறது.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளில் சூப்பர்வைசராக இருக்கும் சகோதரர்கள் இதைப் படிக்கலாம். தோலில் கீறல் இருப்பதை முதலில் காண்பவர் கட்டிங்கில் இருப்பவர். அடுத்துத் தையலில் உட்கார்ந்திருக்கும் சகோதரி. “எண்ணிக்கை குறையுது, பேசாம தை” என்று ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். அப்புறம் அவர் கண்ணில் எந்தக் கீறலும் படாது. பெட்டி திரும்பி வரும்போது அவரைக் கேட்பீர்கள். கண்டதைச் சொல்வது அவர் கடமைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதவைச் சாத்தியது யார்? உங்கள் கீழே வேலை செய்பவர் உங்களைக் கடைசியாகத் திருத்தியது எப்போது என்று யோசியுங்கள். நினைவுக்கு வரவில்லை என்றால், நீங்கள் தவறே செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மறுநாள் மோதினாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்தான் சங்கடப்பட்டார். இப்போது அட்டவணை அச்சுக்குப் போகும் முன் அவரிடம் போகிறது. இந்த வருடம் இரண்டு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தார். ஒன்று பிழைதான். இன்னொன்று சரியாகவே இருந்தது. இரண்டுக்கும் ஜஸாகல்லாஹ் சொன்னேன். இரண்டாவதுக்குச் சொல்லத்தான் கொஞ்சம் நேரமெடுத்தது.