காட்டுக்குள்ளா, காட்டை நம்பியா?
2006 வன உரிமைச் சட்டத்தின் ஆங்கில வரையறை, காட்டில் ‘முதன்மையாக வசிப்பவர்களும்’ அதைச் சார்ந்திருப்பவர்களும் என்று ‘அண்ட்’ போட்டு இணைக்கிறது. ஜமுனாமரத்தூர் மலையாளி பழங்குடியினரில் ஒருவருக்கு வீடு பட்டா நிலத்தில், தேனும் கடுக்காயும் காட்டில் என்றால் அவருக்கு உரிமை உண்டா? வாக்கியத்தை எப்படியும் வாசிக்கலாம். வம்பே அங்குதான். காட்டுக்குள் குடியிராவிட்டாலும் பிழைப்புக்கு அதை நம்பியிருப்பவர்களும் அடங்குவர் என்று 2008 ஜூனில் மத்தியப் பழங்குடியினர் அமைச்சகம் விளக்கியது. ‘அண்ட்’டை எடுத்துவிட்டு ‘ஆர்’ போட்டாலும் சரிவராது; காட்டில் வெறுமனே குடியிருப்பவரும் உள்ளே வந்துவிடுவார். ‘காட்டுக்குள்ளோ வெளியிலோ வசித்து, பிழைப்புக்குக் காட்டைச் சார்ந்திருப்பவர்’ என்று ஆங்கிலத்திலும் முதலிலேயே எழுதியிருக்கலாம்.