ஒன்பதாவது பெயர்

சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் கூடைப்பந்து அணிக்கு ஆடிய சென்டர்களில் யார் முதலிடம்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்திருக்கிறோம். இடம், எப்போதும் போல டெக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகள். ஆளுக்கொரு தே. சுற்றிலும் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். "தமிழ்ப் பசங்களுக்கு ஃபுட்பால்தானே, இது எங்கேருந்து?" என்று கேட்பார்கள். எங்கள் புளோக்குக்குக் கீழே இருந்தது கூடைப்பந்துத் திடல். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஸ்லிங்கர்ஸ் 2006இல் தொடங்கிய அணி. இரண்டு பருவங்கள் ஆஸ்திரேலிய லீக்கில் ஆடியது. 2009இல் ஆசியான் கூடைப்பந்து லீக் ஆரம்பமானபோது அதில் சேர்ந்தது. 2016இல் மலேசியா டிராகன்ஸிடமும், 2017இல் ஹாங்காங் ஈஸ்டர்னிடமும், 2019இல் இந்தோனேசியாவின் சிஎல்எஸ் நைட்ஸிடமும் இறுதிச் சுற்றில் தோற்றது. மூன்று முறை வாசல்வரை போய்த் திரும்பிய அணி. லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, தோபி காட்டில் மாறி, ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கி, ஓசிபிசி அரங்கில் உட்கார்ந்து கத்திவிட்டு, அதே வழியில் பேசாமல் வீடு திரும்பியிருக்கிறோம்.

சென்டர் என்பவர் கூடைக்கு அருகே நிற்கும் நெட்டையர். எங்கள் பட்டியலில் இருந்தவர்கள் ஆரம்பக் காலத்துக் கைல் ஜெஃபர்ஸ், 2016, 2017 இறுதிச் சுற்றுகளில் ஆடிய ஜஸ்டின் ஹோவர்ட், 2019இல் நின்ற ஜான் ஃபீல்ட்ஸ். மூவரும் அமெரிக்கர்கள். இவர்களோடு நம்மூர் ஆள் டெல்வின் கோ. என் வாக்கு ஹோவர்டுக்கு. ஒரு நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "டெல்வினை எப்படிடா இவங்களோட வைப்பே? வெளிநாட்டு ஆளு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒப்பந்தம் போட்டு வர்றான். சரியில்லன்னா அனுப்பிடுவாங்க. டெல்வினுக்கு அந்த பயம் இல்ல. ஆனா பெரிய இடம் எப்பவும் வெளிநாட்டானுக்குத்தான்னு எழுதி வெச்சிருக்கு. ரெண்டு பேரும் ஓடுறது ஒரே ஓட்டமா?"

நியாயமான கேள்வி. இரண்டாவது ஞாயிறு முழுக்க அதிலேயே போனது.

மூன்றாவது ஞாயிறு பில் ரசலிடம் போய் நின்றோம். அமெரிக்காவில் இந்தச் சண்டை அறுபது வருடப் பழசு: ரசலா, வில்ட் சேம்பர்லினா? சேம்பர்லின் 1962இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தவர். ரசல் 11 முறை கோப்பை வென்றவர். எதிராளி எறியும் பந்தைத் தடுப்பதுதான் ரசலின் பெரிய வித்தை. ஆனால் என்பிஏ அந்தத் தடுப்புகளை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். ரசல் ஓய்வு பெற்றது 1969இல். அவருடைய ஆகச் சிறந்த வேலை ஏட்டில் இல்லை. சென்டரின் வேலை பெரும்பாலும் அப்படித்தான். அவர் நிற்கிறார் என்பதற்காகவே எதிரணி ஆள் உள்ளே வராமல் திரும்பிப் போகிறான். நடக்காமல் போனதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே மாதத்தில் நான் இன்னொரு பட்டியல் போட்டிருந்தேன்.

நான் ஒரு கட்டுமான ஒப்பந்த நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளர். என் குழுவில் 11 பேருக்கு வேலை அனுமதி முடியும் காலம். 8 பேருக்குத்தான் புதுப்பிப்பு என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். "வரிசைப்படுத்திக் கொடுங்க." எக்செலில் நான்கு பத்திகள்: வருகை, ஓவர்டைம், முடித்த வேலை, வந்த புகார். கூட்டினேன், வரிசைப்படுத்தினேன், அனுப்பினேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் ஒரு காப்பியும் குடித்தேன்.

ஒன்பதாவது பெயர் புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவருடையது. கிரேனுக்குச் சைகை காட்டும் வேலை. மெதுவான ஆள் என்று எல்லாரும் சொல்வார்கள், ஏட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் கொக்கியைத் திரும்பப் போய்ப் பார்ப்பார். கீழே யாராவது நடந்தால் கையை இறக்கிவிட்டு நிற்பார். அவர் நின்ற இடத்தில் ஒன்றுமே நடந்ததில்லை. ஒன்றுமே நடக்காததற்கு என் தாளில் பத்தி இல்லை.

கிளம்புவதற்கு முன் என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. "தம்பி, என்ன கொறைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பேனே" என்றார். எனக்குப் பதில் இல்லை. குறை என்று நான் எதையும் பார்த்திருக்கவே இல்லை. கூட்டல்தான் போட்டிருந்தேன்.

ஹோவர்டையும் அவரையும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம், தெரியும். ஹோவர்டுக்கு இந்த லீக் இல்லாவிட்டால் இன்னொரு லீக். அண்ணனின் அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது, வந்த கடன் அடைந்ததா என்றுகூட நான் கேட்டதில்லை. இந்த வித்தியாசம்தான் என்னை உறுத்துகிறது. ஹோவர்ட் எங்கள் பட்டியலில் மூன்றாவதாக வந்திருந்தாலும் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவருக்காக மூன்று ஞாயிறு வாதாடினோம், பழைய காணொளிகளைத் தேடினோம், எண்ணப்படாதது என்ன என்று கவலைப்பட்டோம். ஒரு குடும்பத்தின் அரிசி தொங்கிக்கொண்டிருந்த பட்டியலுக்கு இருபது நிமிடம்.

நண்பனிடம் சொன்னேன். "அதுக்கு என்னடா பண்ண முடியும்? எட்டுன்னா எட்டுதான். நீ போடலன்னா வேற ஒருத்தன் போடுவான்" என்றான். உண்மை. வரிசைப்படுத்துவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது சுலபம். அதனால் ஒருவருடைய பெயர்கூட மேலே ஏறாது. தட்டுப்பாடு இருக்கும்வரை யாரோ ஒருவர் வரிசை போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் ஒரு தராசை எவ்வளவு கவனமாகப் பிடிக்கவேண்டும் என்பதை அதில் வைக்கப்படும் பொருள்தான் தீர்மானிக்கவேண்டும். வெற்றிலைக்கடைத் தராசில் தங்கம் நிறுக்கமாட்டோம். நான் தலைகீழாகச் செய்தேன். விளையாட்டுக்குத் தங்கத் தராசு, வாழ்க்கைக்கு வெற்றிலைத் தராசு.

இன்னொன்றும் உண்டு. டெக்காவில் ஒவ்வொரு சென்டருக்கும் ஒரு வக்கீல் இருந்தான். ஒருவன் டெல்வினுக்காகக் குரல் உயர்த்தினான், நான் ஹோவர்டுக்காக. அண்ணனுக்கு வக்கீல் இல்லை. அவரையே கூப்பிட்டு, "உங்க வேலையில நான் பார்க்காதது என்னண்ணே?" என்று கேட்டிருக்கலாம். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அடுத்த முறை பட்டியல் கேட்டபோது மூன்று நாள் அவகாசம் கேட்டேன், ஒன்றரை நாள் கிடைத்தது. தளத்தில் போய் நின்று பார்த்தேன். ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். இரண்டு பெயர்கள் இடம் மாறின. அப்போதும் கோட்டுக்குக் கீழே மூன்று பேர் இருந்தார்கள். இந்த முறை அவர்களிடம் காரணத்தை நானே போய்ச் சொன்னேன். ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

சென்டர் பட்டியல் இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பவும் திறக்கிறோம், யாரையாவது ஒருவரை மேலே ஏற்றுகிறோம். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். அண்ணன் இருந்த பட்டியலை நான் இன்னும் அழிக்கவில்லை. அதில் அவர் ஒன்பதாவதாகவே இருக்கிறார்.