யாருடைய கணக்கில் ஓரினம்?

கோரி கெளுத்தி தனியாக வாழாது, குறைந்தது ஆறு மீன்களைச் சேர்த்து விட வேண்டும் என்பது மீன்தொட்டி வைக்கத் தொடங்குபவர்களுக்கு முதலில் சொல்லப்படும் பாடங்களில் ஒன்று. அதைக் கேட்டவர் கடையில் நின்று இயல்பாகவே ஒரு கணக்குப் போடுவார்: பாண்டா கோரியில் இரண்டு, ஸ்டெர்பையில் இரண்டு, வெண்கலக் கோரியில் இரண்டு. ஆறு வந்துவிட்டதே? சண்டை போடாத மீன்கள், தாராளமாக விடலாம் என்று கடைக்காரரும் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. கோரிகள் ஒன்றையொன்று கடிப்பதில்லை, விரட்டுவதும் அரிது.

ஆனாலும் அந்த ஆறு யாருடைய கணக்கு என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. பார்ப்பவர் ஒரு கூட்டத்தைப் பார்க்கிறார். உள்ளே இருக்கும் மீன் எதைத் தன் கூட்டம் என்று கொள்கிறது? இனம் என்பது உலகத்திலேயே இருக்கும் ஒன்றா, அல்லது பெயரிடுபவர் வரைந்த கோடா? மெய்யியலில் நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கு இது. இந்தச் சிறு மீன்கள் அதில் தற்செயலாக வந்து சேர்ந்தவையும் அல்ல.

கடைகளில் பெப்பர்டு கோரி என்று விற்கப்படும் பேலியாட்டஸ், பீகிள் கப்பல் பயணத்தில் சார்லஸ் டார்வின் சேகரித்த மீன்களில் ஒன்று. 1842-இல் அதை விவரித்துப் பெயரிட்டவர் லியோனார்டு ஜெனின்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். பீகிளில் போகும் வாய்ப்பு டார்வினுக்கு முன்பே அவரைத் தேடி வந்தது. தன் திருச்சபைப் பொறுப்பை விட்டுச் செல்ல மனமில்லாமல் மறுத்துவிட்டார். ஒவ்வொரு இனமும் தனித்தனியே படைக்கப்பட்டது என்பதே அக்கால இயற்கையியலாளர் பலருடைய நம்பிக்கை. படைத்தவன் கோடு வகுத்திருந்தால், பெயரிடுபவருக்கு அதைக் கண்டுபிடித்து எழுதுவது மட்டுமே வேலை. 1859-இல் டார்வின் வெளியிட்ட நூல் இந்த நம்பிக்கையின் அடித்தளத்தை அசைத்தது. ஒன்றையொன்று நெருங்க ஒத்திருக்கும் உயிர்களுக்கு வசதி கருதி இடும் பெயரே இனம் என்று அவர் கருதினார்.

இந்திய மரபில் இந்த வாதம் இதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. பசுக்கள் பலவாயினும் அவை அனைத்திலும் பசுத்தன்மை என்ற ஒரே பொதுமை நிலையாக உறைகிறது என்றனர் நியாய வைசேடிகர். பௌத்தர் இதை ஏற்கவில்லை. காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறும் திக்நாகர், ஒரு பெயர் பிறவற்றை விலக்கிக் காட்டுகிறது, அதற்கு மேல் எந்தப் பொதுப்பொருளையும் அது சுட்டுவதில்லை என்று வாதிட்டார். அவருடைய வழியில் வந்த தருமகீர்த்தி மூலிகைகளை எடுத்துக்காட்டினார். சீந்தில் முதலிய பல மூலிகைகள் காய்ச்சலைத் தணிக்கின்றன. அவை வெவ்வேறு செடிகள், அவற்றுள் ஒரே பொதுமை ஏதும் உறையவில்லை. விளைவு ஒன்றாக இருப்பதால் அவற்றை ஒரு வகையாகக் கொள்கிறோம்.

தருமகீர்த்தியின் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று பிரேசிலில், ரியோ நெக்ரோ ஆற்றின் மேற்பகுதியில் நீந்திக்கொண்டிருக்கிறது. அங்குள்ள ஓடைகளில் அடால்ஃபை என்ற கோரி வாழ்கிறது. வெளிர் உடல், முதுகில் கரும்பட்டை, கண்ணை மறைக்கும் கருங்கோடு, பிடரியில் ஆரஞ்சு நிறத் திட்டு. அதே நீரில், அதே நிறக்கோலத்தில் இமிட்டேட்டர் என்ற இன்னொரு கோரியும் திரிகிறது. மூக்கு மட்டும் சற்று நீளம். 1982-இல் முதலாவதும் 1983-இல் இரண்டாவதும் பெயர் பெற்றன. கோரிகளின் துடுப்பு முள் விறைத்து நிற்கக்கூடியது, குத்தினால் நஞ்சும் ஏறும். இந்தக் கோலத்தில் ஒரு மீனை விழுங்கப் பார்த்து வலி கண்ட எதிரி, அதே கோலத்திலுள்ள மற்றதையும் தொடாமல் விலகும். காய்ச்சலுக்கு மூலிகைகள் எப்படியோ, எதிரிக்கு இந்த மீன்கள் அப்படி. விளைவு ஒன்று, எனவே வகையும் ஒன்று.

2011-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதை ஆழமாகத் துருவியது. கோரிகளின் மரபுக் கிளைகள் ஒன்பது என்று அது கண்டது. ஒரே ஓடையில் ஒரே கோலம் பூண்டு வாழும் இனங்கள் பெரும்பாலும் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தவையாக இருந்தன. மூக்கின் நீளம் வேறு, தேடும் இரையும் வேறு. நெருங்கிய உறவினர் ஒரே மணலில் ஒரே இரைக்குப் போட்டியிட நேரும், அதனால் அவர்கள் சேர்ந்து நிலைப்பது கடினம். தூரத்து உறவினர்களாலோ இரையைப் பங்கிட்டுக்கொண்டு, ஆபத்துக்கு ஒரே உடையில் நிற்க முடிகிறது. தோற்றத்தில் மயங்கினால் உள்ளே உள்ள தூரம் தெரியாது. கோரிகள் அடங்கிய துணைக்குடும்பத்தில் குரோமோசோம் எண்ணிக்கையே 40 முதல் 134 வரை வேறுபடுகிறது.

பெயர்ப்பட்டியலும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. 2024-இல் வந்த பெரிய திருத்தம் கோரிடோராஸ் என்ற ஒற்றைப் பேரினத்தைப் பலவாகப் பிரித்தது. டார்வினின் பேலியாட்டஸ் இப்போது ஹாப்லிசோமா, வெண்கலக் கோரி ஆஸ்டியோகாஸ்டர். பெயர் மாறியதால் எந்த மீனின் வாழ்வும் மாறவில்லை. அதனால் எல்லாமே வெறும் பெயர் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. பாண்டாவும் ஸ்டெர்பையும் புதிய பட்டியலில் ஒரே பேரினம். ஆனால் பெருவின் மலையடிவார நீருக்குப் பழகிய பாண்டாவுக்கு 20 முதல் 25 டிகிரி வேண்டும். பிரேசில், பொலிவியா எல்லையிலுள்ள குவாப்போரே ஆற்றின் ஸ்டெர்பை 28 டிகிரியிலும் நலமாக இருக்கும். சென்னைக் கோடையில் 30 டிகிரியைத் தொடும் தொட்டியில் பாண்டா மேலே மேலே வந்து காற்றை விழுங்கும், மெலியும், சாகும். வகைப்படுத்துபவரின் நோக்கத்துக்கேற்ப கோடு மாறலாம் என்ற பௌத்தரின் கருத்து சரியே. ஆனால் நோக்கம் மனிதருக்கு மட்டும் உரியது அன்று. மீனுக்கும் இரை, சூடு, துணை, அச்சம் என்று சொந்த நோக்கங்கள் உண்டு. அவற்றை மீறிப் போட்ட கோட்டின் விலையை மீனே கொடுக்கிறது.

துணை விஷயத்தில் வெண்கலக் கோரி கற்றுத்தருவது அதிகம். இவை உடலால் ஒன்றையொன்று இடித்துச் சேதி சொல்பவை. பழகிய மீன்கள் மிரண்டு ஓடும்போது சேர்ந்தே ஓடுகின்றன என்றும், பழகாதவையும் இடித்து இடித்துத் தொடர்பு கொண்டால் அதே ஒழுங்கை எட்ட முடிகிறது என்றும் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தன்னினத்து அந்நியனைத் தோழனாக்கும் மொழி அது. இரண்டே இரண்டாக விடப்பட்ட மீனுக்கு அந்த மொழி பேச ஒரே ஒரு துணைதான். மற்ற நான்கும் பக்கத்தில் படுத்திருக்கலாம், கூட்டமாகவும் தெரியலாம். ஆகவே ஒவ்வோர் இனத்திலும் ஆறு, வெப்பத் தேவை ஒத்துப்போகும் இனங்கள், கூர்மையற்ற மென்மணல் என்பதே நேர்மையான ஏற்பாடு. குட்டை மூக்குக் கோரிகளோடு நீள மூக்குக் கோரிகளைச் சேர்ப்பது ரியோ நெக்ரோவே நடத்திக்காட்டும் முறை.

நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைத்தால் கலப்புக் குஞ்சுகள் பிறக்கக்கூடும். கலப்பைத் தீட்டாகப் பேசும் பேச்சு மனிதரிடையே செய்த கொடுமை நமக்குத் தெரியும். மனிதர் அனைவரும் ஒரே இனம், அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை. கலப்பில் பிறந்த குஞ்சும் எந்தக் கோரிக்கும் குறைந்ததன்று. தவறு அதைத் தாயின் பெயரிலோ தந்தையின் பெயரிலோ விற்பதில் இருக்கிறது. ஏற்கெனவே ட்ரைலினியேட்டஸ் என்ற பெரு நாட்டு மீன், வடகிழக்குப் பிரேசிலின் ஜூலியை என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படுகிறது. காட்டு ஓடைகள் அழியும் காலத்தில் தொட்டிகளில் காக்கப்படும் மரபுகளே சில இனங்களுக்கு எஞ்சக்கூடும், அவற்றின் வரலாறு ஒரு பொய்ச் சீட்டால் குழம்பிவிடும். அத்தகைய குஞ்சுகளைப் பிறந்த தொட்டியிலேயே வளர்க்கலாம். யாருக்காவது கொடுக்க நேர்ந்தால் பெற்றோர் இருவரின் பெயரையும் சொல்லிக் கொடுக்கலாம்.